தியே தா மருத்துவம்

தியே தா மருத்துவம் என்பது சுளுக்கு, இரத்தக்கட்டு, மூட்டு விலகல், எலும்பு முறிவு முதலிய காயங்களுக்குச் சீனாவில் மரபு வழியாகச் செய்யப்பட்டு வரும் மருத்துவ முறையாகும். இது மரபுவழிச் சீன மருத்துவத்தின் ஒரு பிரிவு. விலகிய எலும்பைக் கையால் தடவி அறிந்து நிலைக்குக் கொண்டுவருதல், சிறிய தப்பைகளை வைத்துக் கட்டுதல், மூலிகைப் பற்றும் தைலமும் இடுதல், உள்மருந்து கொடுத்தல், காயம்பட்ட உறுப்பைப் படிப்படியாக அசைக்கப் பழக்குதல் ஆகியன இதன் முக்கியக் கூறுகள் ஆகும்.

நீண்ட காலம் இது குடும்பங்களுக்குள்ளும் தற்காப்புக் கலைக் குழுக்களுக்குள்ளும் கைத்தொழிலாகக் கற்பிக்கப்பட்டது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இது சீன மருத்துவமனைகளில் தனித் துறையாக இடம் பெற்றது. இதன் சில கூறுகள், குறிப்பாகச் சிறு தப்பைக் கட்டும் விரைவில் தொடங்கும் உறுப்பு அசைவும், நவீன எலும்பு மருத்துவத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. வேறு சில கூறுகள் சரியான பரிசோதனை இன்றிக் கையாளப்படும்போது கடுமையான தீங்கு விளைவிக்கக் கூடியவை. எனவே இம்மருத்துவத்தை முழுமையாக ஏற்பதோ முழுமையாகத் தள்ளுவதோ பொருந்தாது. எந்தக் காயத்திற்கு, எந்தப் பரிசோதனைக்குப் பின், யாரால் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே இதன் பயன் அமைகிறது.

பெயர்

மாண்டரின் சீனத்தில் 'தியே' என்பது விழுதலையும் 'தா' என்பது அடிபடுதலையும் குறிக்கும். தென் சீனாவின் கான்டனீய வழக்கில் இது 'தித் தா' என ஒலிக்கப்படுகிறது. ஹாங்காங்கிலும், தென்கிழக்காசியாவில் குடியேறிய கான்டனீயர் நடுவிலும் இவ்வடிவமே பெருவழக்கு. நூல்களில் 'செங் கு' (எலும்பை நேராக்குதல்) என்றும், இன்றைய மருத்துவமனைகளில் 'கு ஷாங் கே' (எலும்புக் காயத் துறை) என்றும் இது அழைக்கப்படுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீன மருத்துவரைச் 'சின்சே' என்று அழைப்பர்.

வரலாறு

தொடக்க காலம்

பண்டைய சீன அரசவை அமைப்பை விவரிக்கும் 'சோவு லி' என்னும் நூல் மருத்துவர்களை நான்கு வகையாகப் பிரிக்கிறது. உணவு மருத்துவர், நோய் மருத்துவர், புண் மருத்துவர், விலங்கு மருத்துவர் என்பன அவை. இவர்களுள் புண் மருத்துவரே வீக்கம், புண், ஆயுதக் காயம், எலும்பு முறிவு ஆகியவற்றைக் கவனித்தவர். எலும்புக் காய மருத்துவம் தனித் திறமையாகக் கருதப்பட்டதற்கு இதுவே பழைய சான்றுகளுள் ஒன்று.

4 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங் என்னும் தாவோயிய அறிஞரின் அவசர மருத்துவ நூலில், விலகிய தாடையை வாய்க்குள் விரல் விட்டு நிலைநிறுத்தும் முறையும், முறிந்த எலும்புக்கு மூங்கில் தப்பை வைத்துக் கட்டும் முறையும் சொல்லப்பட்டுள்ளன.

தாங் அரசமரபு

எலும்புக் காயங்களுக்கென்றே எழுதப்பட்ட சீன நூல்களுள் இன்று கிடைப்பவற்றில் மிகப் பழையது, தாங் அரசமரபுக் காலத்தைச் சேர்ந்த லின் தாவோரென் என்பவரின் பெயரால் வழங்கும் நூலாகும். அந்நூலின் முன்னுரை ஒரு கதையைக் கூறுகிறது. 841–846 காலப்பகுதியில் இன்றைய சியாங்சி மாகாணத்தின் யிசுன் பகுதியில் வயது முதிர்ந்த துறவி ஒருவர் குடிசை அமைத்து வாழ்ந்தார். அருகில் வாழ்ந்த பெங் என்னும் முதியவரின் மகன் விறகு வெட்ட மரமேறியபோது தவறி விழுந்து கழுத்திலும் கையிலும் அடிபட்டான். துறவி அவனைக் குணப்படுத்தினார். செய்தி பரவி மக்கள் திரண்டபோது, அத்தொல்லையை விரும்பாத அவர் தம் மருத்துவ முறைகளைப் பெங்கிடம் ஒப்படைத்தார். இக்கதை எந்த அளவு உண்மையாயினும், நூலின் உள்ளடக்கம் செயல்முறை அனுபவத்திலிருந்து எழுந்தது என்பதில் ஐயமில்லை.

காயத்தைக் கழுவுதல், தடவிப் பார்த்தல், இழுத்து நேராக்குதல், மருந்திடுதல், தப்பை வைத்துக் கட்டுதல் எனச் சிகிச்சை அந்நூலில் வரிசைப்படுத்தப்பட்டுள்ளது. தோள்மூட்டு விலகலுக்கு, நோயாளியை அமர்த்தித் துணி வைத்து மெத்தென்று ஆக்கிய நாற்காலி முதுகின் மேல் கையைத் தொங்கவிட்டு இழுக்கும் முறை விளக்கப்பட்டுள்ளது. மணிக்கட்டு போன்ற மூட்டுப் பகுதிகளை இறுக்கிக் கட்டி அப்படியே விட்டுவிடாமல் அவ்வப்போது மடக்கி நீட்டி அசைக்க வேண்டும் என்றும் நூல் வலியுறுத்துகிறது. பதினொரு நூற்றாண்டுகளுக்குப் பின் நவீன மருத்துவமனைகளில் மீண்டும் முன்வைக்கப்பட்ட கருத்தின் வித்து இது எனலாம்.

யுவான், மிங் அரசமரபுகள்

மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்தில் அரசு மருத்துவம் 13 துறைகளாகப் பகுக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று எலும்பை நேராக்குதலையும் அம்புக் காயங்களையும் கவனித்த துறையாகும். மரபுவழி மருத்துவக் குடும்பத்தில் பிறந்த வெய் யிலின் (1277–1347) 1337 ஆம் ஆண்டில் முடித்த நூலில் இத்துறை விரிவாகப் பேசப்படுகிறது. முதுகெலும்பு முறிவைக் கையால் நேராக்க முடியாது என்று உணர்ந்த அவர், நோயாளியைக் கயிற்றால் தொங்கவிட்டு உடலின் எடையாலேயே முறிவை நேராக்கும் முறையை விவரித்தார்.

எலும்பை இழுக்கும்போது ஏற்படும் வலியை அடக்க ஊமத்தை, நாபி முதலிய தாவரங்களைக் கொண்ட மயக்க மருந்தையும் அவர் குறிப்பிடுகிறார். நோயாளியின் வயதையும் உடல் வலிமையையும் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும் என்றும், அளவு மிகக் கூடாது என்றும் அவர் எச்சரிக்கிறார். இவ்விரண்டும் கொடிய நச்சுத் தாவரங்கள் என்பதால் இவ்வெச்சரிக்கை இன்றியமையாதது.

மிங் காலத்தில் சுவே சி என்னும் அரசவை மருத்துவர், உடலின் வெளியே ஏற்படும் காயம் உள்ளுறுப்புகளையும் பாதிக்கும் என்று வாதிட்டு, உள்மருந்துகளுக்கு முதன்மை அளித்தார். இதன் பின் கைத்திறனை முதன்மையாகக் கொண்டோர், உள்மருந்தை முதன்மையாகக் கொண்டோர் என இரு போக்குகள் வளர்ந்தன.

சிங் அரசமரபு

குதிரையேற்றத்தில் சிறந்த மஞ்சூரியரின் ஆட்சியில், குதிரையிலிருந்து விழுவோருக்கு மருத்துவம் செய்ய மங்கோலிய எலும்பு மருத்துவர்கள் அரசவைக் குதிரைலாயத் துறையில் அமர்த்தப்பட்டனர். 1742 இல் பேரரசரின் ஆணைப்படி வூ சியான் தலைமையில் தொகுக்கப்பட்ட 'யிசொங் சின்சியான்' என்னும் மருத்துவக் களஞ்சியத்தின் ஒரு பகுதி எலும்பு நேராக்கலுக்கென ஒதுக்கப்பட்டது. இன்றளவும் பாடநூல்களில் இடம்பெறும் 'எட்டு கைமுறைகள்' இந்நூலிலேயே தொகுத்துக் கூறப்பட்டன.

கோட்பாடு

மரபுக் கோட்பாட்டின்படி உடலில் 'சீ' எனப்படும் உயிராற்றலும் இரத்தமும் தடையின்றி ஓட வேண்டும். அடிபட்ட இடத்தில் இரத்தம் தேங்கி ஆற்றலின் ஓட்டம் தடைபடுவதே வலிக்கும் வீக்கத்துக்கும் காரணம் எனக் கருதப்படுகிறது. எனவே தேங்கிய இரத்தத்தைக் கலைப்பதே மருத்துவத்தின் முதற்படியாகும்.

காயத்தை எலும்புக் காயம், 'சின்' காயம் என இரண்டாகப் பிரிப்பர். 'சின்' என்னும் சொல் தசை, தசைநாண், மூட்டுகளைப் பிணைக்கும் நார் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கும். கல்லீரல் 'சின்'னையும் சிறுநீரகம் எலும்பையும் ஆள்கின்றன என்பது இம்மரபின் கொள்கை. எனவே நாட்பட்ட எலும்புக் காயங்களுக்கு இவ்விரு உறுப்புகளையும் வலுப்படுத்துவதாகக் கருதப்படும் மருந்துகள் தரப்படுகின்றன. இக்கொள்கைக்கு நவீன உடலியங்கியலில் ஆதாரம் இல்லை. எனினும் மருத்துவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் புரிந்துகொள்ள இதனை அறிந்திருப்பது அவசியம்.

நோயறிதல்

சீன மருத்துவத்தின் பொதுவான நான்கு முறைகளான பார்த்தல், கேட்டலும் முகர்தலும், வினவுதல், தொடுதல் ஆகியன இங்கும் பின்பற்றப்படுகின்றன. இவற்றுள் தொடுதலே தலையாயது. மருத்துவர் காயம்பட்ட உறுப்பை மறுபக்க உறுப்புடன் ஒப்பிட்டுத் தடவுவார். எலும்பின் வளைவு, முறிந்த முனைகள் உராயும் ஒலி, இயல்பற்ற அசைவு, அழுத்தும்போது ஓரிடத்தில் மட்டும் கூர்மையாகத் தோன்றும் வலி ஆகியவற்றைக் கொண்டு முறிவா சுளுக்கா என்று தீர்மானிப்பார். எலும்புகளின் இயல்பான வடிவத்தை முன்பே கைக்குப் பழக்கியிருந்தால்தான் மாறுபாட்டை உணர முடியும் என்பது இத்தொழிலின் அடிப்படைப் பாடம்.

இதன் எல்லையும் இங்கேயே தொடங்குகிறது. இடம் பெயராத விரிசல், மணிக்கட்டின் படகெலும்பு முறிவு, மூட்டுக்குள் செல்லும் முறிவு ஆகியவை தேர்ந்த கைக்கும் புலப்படாமல் போகலாம். 1895 இல் வில்லெம் ரோண்ட்கன் கண்டறிந்த எக்ஸ்-கதிர்கள் இக்குறையைப் பெருமளவு போக்கின. இன்று சீன மருத்துவமனைகளின் எலும்புக் காயத் துறைகளில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்த பின்னரே எலும்பு நேராக்கப்படுகிறது.

சிகிச்சை முறைகள்

எட்டு கைமுறைகள்

1742 ஆம் ஆண்டுக் களஞ்சியம் கூறும் எட்டு முறைகள் பின்வருமாறு:

1. தடவி அறிதல்: முறிவின் இடத்தையும் தன்மையையும் விரல்களால் உணர்தல்.
2. இணைத்தல்: பிரிந்த எலும்பு முனைகளைப் பொருத்துதல்.
3. ஏந்தி நிறுத்துதல்: விலகிய பகுதியைக் கையால் தாங்கி உரிய இடத்துக்குக் கொண்டுவருதல்.
4. தூக்குதல்: உள்ளே அமிழ்ந்த எலும்பைக் கையாலோ கயிற்றாலோ மேலே எழுப்புதல்.
5. அழுத்துதல்: உள்ளங்கையால் அல்லது விரலால் கீழ்நோக்கி அழுத்துதல்.
6. தேய்த்தல்: மென்மையாகச் சுழற்றித் தேய்த்தல்.
7. தள்ளுதல்: விலகியதைப் பழைய இடம் நோக்கித் தள்ளுதல்.
8. பற்றுதல்: விரல்களால் தசையையும் நாரையும் பற்றிப் பிடித்துவிடுதல்.

முதல் நான்கும் பெரும்பாலும் எலும்பு முறிவுக்கும் மூட்டு விலகலுக்கும், பின் நான்கும் பெரும்பாலும் சுளுக்கு முதலிய மென்திசுக் காயங்களுக்கும் உரியவை. பிடித்துவிடும் மருத்துவத்தைக் குறிக்கும் 'ஆன்மோ', 'தூய்நா' என்னும் சீனச் சொற்கள் முறையே அழுத்துதல்–தேய்த்தல், தள்ளுதல்–பற்றுதல் என்னும் சொற்களின் சேர்க்கையாகும்.

தப்பைக் கட்டு

எலும்பு நேரானதும் அது மீண்டும் விலகாதவாறு கட்டப்படும். தேவதாரு இனத்தைச் சேர்ந்த மரத்தின் பட்டை, வில்லோ மரப்பலகை, மூங்கில் ஆகியன தப்பைகளாகப் பயன்படுகின்றன. உறுப்பின் சுற்றளவுக்கு ஏற்பப் பல சிறு தப்பைகள் சுற்றிலும் வைக்கப்பட்டு, மூன்று அல்லது நான்கு துணி நாடாக்களால் கட்டப்படும். எலும்பு எப்பக்கம் விலக முனைகிறதோ அப்பக்கத்தில் தப்பைக்கு அடியில் மடித்த காகிதத் திண்டு வைக்கப்படும். தசை சுருங்கும்போது அத்திண்டு எலும்பை அழுத்தி நிலையில் வைத்திருக்கும்.

ஐரோப்பிய மருத்துவத்தில் டச்சு இராணுவ மருத்துவர் அந்தோனியுஸ் மத்தைசென் 1851 இல் அறிமுகப்படுத்திய மாவுக்கட்டு, பொதுவாக முறிவின் மேலும் கீழும் உள்ள மூட்டுகளையும் சேர்த்து அசையாமல் செய்வது. சீனச் சிறு தப்பைக் கட்டோ முடிந்தவரை மூட்டுகளை விட்டுவிட்டு முறிந்த பகுதியை மட்டும் கட்டுகிறது. இதனால் நோயாளி விரல்களையும் மூட்டுகளையும் அசைக்க முடிகிறது. ஆனால் இக்கட்டுக்குத் தொடர்ந்த கவனிப்பு தேவை. முதல் நாட்களில் வீக்கம் கூடினால் கட்டு இறுகும். வீக்கம் வடிந்தால் கட்டு தளர்ந்து எலும்பு மீண்டும் விலகும். நாடாவை மேலும் கீழுமாக ஏறத்தாழ 1 செ.மீ. நகர்த்த முடிவதே சரியான இறுக்கம் எனப் பாடநூல்கள் கூறுகின்றன.

மூன்று காலகட்டங்கள்

முறிவு மருத்துவம் மூன்று காலகட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. முதல் 1–2 வாரங்களில் தேங்கிய இரத்தத்தைக் கலைத்து வீக்கத்தைக் குறைப்பது நோக்கம். ஏறத்தாழ 3 முதல் 6 வாரம் வரை எலும்பும் நாரும் இணைவதற்கான மருந்துகள் தரப்படும். அதன் பின்னர் உடலை வலுப்படுத்தும் மருந்துகளும், விறைத்த மூட்டுகளுக்கு மூலிகை வெந்நீர் ஒத்தடமும் அளிக்கப்படும்.

சுளுக்கு மருத்துவம்

சுளுக்குக்கு மூலிகைப் பற்று பரவலாக இடப்படுகிறது. மேற்பூச்சாகப் பயன்படும் மூலிகைகளுள் ஒன்று கார்டீனியா செடியின் உலர்ந்த காய். இதன் பொடியை மாவுடனும் சாராயத்துடனும் குழைத்து வீக்கத்தின் மேல் பற்றுப் போடுவர். பற்றை எடுத்த பின் தோலில் சில நாட்கள் நீலநிறக் கறை இருக்கும். பழைய நம்பிக்கையின்படி இது உள்ளே கட்டிய இரத்தம் வெளிப்பட்டதன் அடையாளம். உண்மையில், காயிலுள்ள வேதிப்பொருள் ஒன்றிலிருந்து உண்டாகும் செனிப்பின், தோலின் புரதக் கூறுகளுடன் வினைபுரிவதால் தோன்றும் நிறமே அது.

அடிபட்ட முதல் ஓரிரு நாட்களில் வீங்கிய இடத்தை வலுவாகத் தேய்ப்பதும் சூடு காட்டுவதும் உள் இரத்தக்கசிவை மிகுவிக்கக் கூடும். எனவே பயிற்சி பெற்ற மருத்துவர்கள் இக்காலத்தில் வலுவான கைமுறைகளைத் தவிர்க்கின்றனர்.

மருந்துகள்

தியே தா மருந்துகள் பெரும்பாலும் பல சரக்குகளின் கலவையாகும். அடிக்கடி இடம்பெறுபவை:

* சான்சி: ஜின்செங் இனத்தைச் சேர்ந்த ஒரு வேர். இரத்தப்போக்கை நிறுத்தவும் இரத்தக்கட்டைக் கலைக்கவும் பயன்படுத்தப்படுகிறது.
* குந்திரிக்கம், வெள்ளைப்போளம்: அரேபியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வணிகம் வழியாகச் சீனாவை அடைந்த மணப்பிசின்கள்.
* குசும்பப் பூ: தைலங்களுக்குச் செந்நிறம் தருவது.
* சூ துவான்: இதன் பெயரின் பொருள் 'அறுந்ததைத் தொடர்வது' என்பதாகும்.
* கு சுய் பூ: ஒருவகைப் பன்னத்தின் கிழங்கு. 'நொறுங்கிய எலும்பைச் செப்பனிடுவது' என்று பொருள்படும்.
* சி ரான் தொங்: இரும்புக் கந்தகக் கனிமமாகிய பைரைட்டு. பழுக்கக் காய்ச்சிக் காடியில் தோய்த்துப் பொடியாக்கப்படும்.
* கற்பூரம், புதினா உப்பு: மேற்பூச்சுகளில் குளிர்ச்சியையும் மணத்தையும் தருபவை.

இம்மூலிகைகள் பலவற்றை அரிசிச் சாராயத்தில் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஊறவைத்துப் பெறும் தைலம் கான்டனீய மொழியில் 'தித் தா சாவ்' எனப்படுகிறது. 'சாவ்' என்பது சாராயத்தைக் குறிக்கும். ஒவ்வொரு குழுவும் தனக்கெனத் தனிக் கலவையை வைத்திருந்தது. இது தோல் கிழியாத காயங்களுக்கு மட்டுமே உரிய மேற்பூச்சு. குடிக்கத் தக்கதன்று.

முற்காலத்தில் புலி எலும்பும் எலும்பு வலிக்கு மருந்தாகப் பயன்பட்டது. 1993 இல் சீன அரசு புலி எலும்பு வணிகத்தைத் தடை செய்ததுடன் அதனை மருந்துப் பட்டியலிலிருந்தும் நீக்கியது.

தற்காப்புக் கலையுடன் தொடர்பு

தென் சீனாவில் தற்காப்புக் கலைப் பயிற்சிக் கூடங்களும் தியே தா மருத்துவமும் பிரிக்க முடியாதவாறு இணைந்திருந்தன. பயிற்சியின்போது மாணவருக்கு ஏற்படும் காயங்களை ஆசிரியரே கவனிக்க வேண்டியிருந்தது. பயிற்சிக் கட்டணத்தால் மட்டும் வாழ முடியாத ஆசிரியர்களுக்கு மருத்துவம் ஒரு வருவாயாகவும் அமைந்தது. ஏடுகளைக் கற்றுத் தேர்ந்த மருத்துவர்கள் நாடி பார்த்து மருந்தெழுதுவதையே உயர்வாகக் கருதியதால், உடல் வலிமை தேவைப்படும் இத்தொழில் நீண்ட காலம் தாழ்வாகவே மதிக்கப்பட்டது. கூலித் தொழிலாளரும் படகோட்டிகளும் சுமைதூக்குவோரும் நாடிச் சென்றது இவர்களிடமே.

இவ்வகை மருத்துவர்களுள் மிகவும் புகழ்பெற்றவர் குவாங்தொங் மாகாணத்தின் வோங் ஃபெய்-ஹொங் (1847–1925). இவர் குவாங்சோ நகரில் 'போ சி லாம்' என்னும் மருத்துவமனையை நடத்தினார். 1924 இல் அந்நகரில் நிகழ்ந்த வணிகர் படைக் கிளர்ச்சியின்போது அது எரிந்து அழிந்தது. 1949 முதல் ஹாங்காங்கில் இவரைப் பற்றிய திரைப்படங்கள் தொடர்ச்சியாக வெளிவந்தன. அவற்றில் நடித்த குவான் தாக்-ஹிங் பின்னர் தாமே தியே தா மருத்துவம் செய்தார். 1991 இல் ஜெட் லீ நடித்த திரைப்படம் வோங்கை உலகறியச் செய்தது.

நவீன காலம்

நெருக்கடியும் மாற்றமும்

1929 இல் சீன தேசியவாத அரசின் சுகாதார மாநாட்டில் மரபு மருத்துவத்தைப் படிப்படியாக ஒழிக்கும் தீர்மானம் முன்வைக்கப்பட்டது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1949 இல் மக்கள் சீனக் குடியரசு அமைந்த பின், போதிய நவீன மருத்துவர்கள் இல்லாத நிலையில், மரபு மருத்துவத்தையும் மேலை மருத்துவத்தையும் இணைக்கும் கொள்கை 1950களில் மேற்கொள்ளப்பட்டது.

இக்காலத்தில் குடும்ப இரகசியங்களாக இருந்த பல முறைகள் வெளிப்பட்டன. ஹெனான் மாகாணத்தின் லுவோயாங் அருகிலுள்ள பிங்லே ஊரின் குவோ குடும்பம் தலைமுறை தலைமுறையாக எலும்பு மருத்துவம் செய்து வந்தது. அக்குடும்பத்தின் மருமகளான காவ் யுன்ஃபெங், குடும்ப மருந்து முறைகளை வெளியாருக்கும் கற்பிக்க முன்வந்தார். 1958 இல் பிங்லே எலும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அவரே அதற்குத் தலைமை ஏற்றார். குடும்பத்துக்குள் மட்டுமே கைமாறிய தொழில், வகுப்பறையில் கற்பிக்கப்படும் பாடமாக மாறியது.

தியன்சின் ஆய்வுகள்

மேலை மருத்துவத்தில் பயிற்சி பெற்ற எலும்பு அறுவை மருத்துவர்களான ஃபாங் சியான்சியும் (1906–1968) சாங் தியான்யூவும் தியன்சின் நகரில் மரபு எலும்பு மருத்துவர்களின் முறைகளை ஆராய்ந்தனர். கையால் நேராக்கல், சிறு தப்பைக் கட்டு, விரைவில் தொடங்கும் அசைவு ஆகியவற்றை எக்ஸ்-கதிர்ப் படத்தின் துணையுடன் செய்து முடிவுகளைப் பதிவு செய்தனர். இதுபற்றிய அவர்களின் கட்டுரை 1963 இல் சீன மருத்துவ இதழில் ஆங்கிலத்தில் வெளியானது. 1966 இல் நூலும் வெளிவந்தது. அவர்கள் வகுத்த நான்கு நெறிகள்:

* அசைவையும் ஓய்வையும் இணைத்தல்
* எலும்புக்கும் மென்திசுக்களுக்கும் ஒத்த கவனம் அளித்தல்
* உள் சிகிச்சையையும் வெளிச் சிகிச்சையையும் ஒருங்கே செய்தல்
* மருத்துவரும் நோயாளியும் ஒத்துழைத்தல்

இவற்றுள் முதல் நெறியே முக்கியமானது. முறிந்த எலும்பு இணைய அசைவின்மை தேவை. ஆனால் உறுப்பு முழுவதும் வாரக்கணக்கில் அசையாதிருந்தால் மூட்டு விறைக்கும், தசை மெலியும். எலும்பு சேர்ந்தும் கை பயன்படாமல் போகலாம். முறிவு விலகாத அளவுக்குப் பிடிப்பும், மூட்டுகள் இயங்கும் அளவுக்கு விடுதலையும் ஒருங்கே தருவதே சிறு தப்பைக் கட்டின் நோக்கம். ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவில் அகஸ்தோ சார்மியெந்தோ கீழ்க்கால் எலும்பு முறிவுக்கு நடக்க இடமளிக்கும் கட்டை உருவாக்கி 1967 இல் வெளியிட்டார். வெவ்வேறு வழிகளில் சென்ற இரு மரபுகள் ஒரே முடிவை நெருங்கியதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

சட்ட நிலை

சீனாவில் 2006 இல் வெளியான முதலாவது தேசிய அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மரபுவழி எலும்பு மருத்துவம் இடம்பெற்றது. 2017 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சீன மருத்துவச் சட்டம், குருவிடம் நேரடியாகக் கற்றோரும் செய்முறைத் தேர்வின் மூலம் தகுதி பெற வழி செய்கிறது. ஹாங்காங்கில் 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீன மருத்துவர்கள் பொது மருத்துவம், அக்குபங்சர், எலும்பு நேராக்கல் என மூன்று பிரிவுகளில் பதிவு செய்யப்படுகின்றனர். சிங்கப்பூரில் 2000 ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 2016 ஆம் ஆண்டிலும் மரபு மருத்துவத்தை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஜப்பானில் இதற்கு நெருங்கிய எலும்பு நேராக்கல் தொழில் சூடோ கலையுடன் இணைந்து வளர்ந்தது. 1970 இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

பயன்களும் வரம்புகளும்

முன்கை ஆரை எலும்பின் கீழ்முனை முறிவு போன்ற, மூட்டுக்குள் செல்லாத எளிய மூடிய முறிவுகளில், எக்ஸ்-கதிர்க் கண்காணிப்புடன் செய்யப்படும் கை நேராக்கலும் தப்பைக் கட்டும் அறுவையற்ற ஒரு வழியாகச் சீன மருத்துவமனைகளில் கையாளப்படுகின்றன. இதனை மாவுக்கட்டுடன் ஒப்பிட்ட ஆய்வுகள் பல உள்ளன. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை சிறியவை, ஆய்வு முறையில் குறைபாடு உடையவை. மூலிகைகள் எலும்பு சேர்வதை விரைவுபடுத்துகின்றன என்பதற்கு மனிதர்களிடம் செய்யப்பட்ட உறுதியான ஆய்வுச் சான்று போதாது.

எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவு, மூட்டுக்குள் விலகிய முறிவு, முதியோரின் இடுப்பெலும்பு முறிவு, இரத்தக்குழாய் அல்லது நரம்பு பாதிக்கப்பட்ட காயம் ஆகியவற்றுக்குப் பொதுவாக அறுவை மருத்துவமே உரியது. தலை, கழுத்து, முதுகெலும்புக் காயங்களில் பரிசோதனைக்கு முன் இழுப்பதோ திருப்புவதோ உயிருக்கே ஆபத்தாகலாம்.

அபாயங்கள்

இறுகிய கட்டு: கட்டு மிக இறுகினால் தசைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தசை சில மணி நேரத்திலேயே அழியத் தொடங்கும். அழிந்த தசை சுருங்குவதால் விரல்கள் நிலையாக மடங்கிப் போகும். செருமானிய மருத்துவர் ரிச்சார்ட் ஃபோன் ஃபோல்க்மன் 1881 இல் இதனை விவரித்தார். முழங்கை அருகே எலும்பு முறிந்த சிறுவர்களுக்கு இது நேரும் வாய்ப்பு மிகுதி. கட்டுக்குப் பின் வலி கூடிக்கொண்டே போதல், விரலை நீட்டும்போது தாங்க முடியாத வலி, மரத்துப்போதல், விரல்கள் வெளிறிக் குளிர்தல் ஆகியன அபாய அறிகுறிகள். இந்நிலையில் கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இக்கேடு மாவுக்கட்டினாலும் நேரக்கூடியதே.

தவறான நோயறிதல்: முறிவைச் சுளுக்கு என்று கருதித் தேய்ப்பதால் எலும்பு மேலும் விலகலாம். வளரும் வயதினருக்கு முழங்கால் அருகே தோன்றும் எலும்புப் புற்றுநோய் சில வேளை விளையாட்டுக் காயம் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. இரவிலும் விடாத வலியும் வளரும் வீக்கமும் இருந்தால் பற்றுப் போட்டுக் காலம் கடத்தக் கூடாது. கணுக்கால் காயத்துக்கு எக்ஸ்-கதிர்ப் படம் தேவையா என்பதை அறியக் கனடாவின் ஒட்டாவா நகரில் உருவாக்கப்பட்டு 1992 இல் வெளியிடப்பட்ட விதிகள் உலகெங்கும் பயன்படுகின்றன. கணுக்காலின் புடைப்பெலும்புப் பகுதியில் அழுத்தினால் எலும்பின் மேலேயே வலித்தாலோ, நான்கு அடி எடுத்து வைக்க இயலாவிட்டாலோ படம் எடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

மருந்து நச்சு: வலி நீக்கும் தைலங்கள் சிலவற்றில் நாபி இனக் கிழங்குகள் சேர்க்கப்படுகின்றன. இவற்றைத் தவறுதலாகக் குடித்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறப்பு நேரலாம். திறந்த புண்ணில் பூசினாலும் நஞ்சு உடலில் சேரும். மேற்பூச்சுகளால் தோல் ஒவ்வாமையும் ஏற்படுவதுண்டு. வார்ஃபரின் முதலிய இரத்த உறைவுத் தடுப்பு மருந்து உட்கொள்வோர் இரத்தக்கட்டைக் கலைக்கும் மூலிகைகளையும், மெத்தில் சாலிசிலேட்டு மிகுந்த தைலங்களையும் மருத்துவரைக் கேளாமல் பயன்படுத்தினால் இரத்தக்கசிவு நேரலாம்.

இவற்றையும் பார்க்க

* மரபுவழிச் சீன மருத்துவம்
* எலும்பு முறிவு
* சுளுக்கு
* அக்குபங்சர்
* வர்மக்கலை
* வோங் ஃபெய்-ஹொங்